இரண்டு கணினி, ஒரே கடிதப் பெட்டி

கடையில் ஒரு கணினி, பயணத்துக்கு ஒரு லெப்டொப். நம் வியாபாரச் சகோதரர்கள் பலரிடம் இன்று இரண்டும் இருக்கின்றன. நல்லூரில் கடை வைத்திருப்பவர் மாதத்தில் இரண்டு தடவையாவது கொழும்புக்குப் போக வேண்டியிருக்கின்றது. இரும்புச் சாமான் என்றால் பழைய சோனகத் தெரு, துணி என்றால் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்கள். அவரோடு லெப்டொப்பும் போகின்றது. கடைக் கணினியில் மகனோ கடைப் பையனோ அமர்ந்து வேலை பார்க்கின்றார். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் கதை இதேதான். கோவிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் போகாது. தற்காலிகக் கடை போட்டவர்கள் லெப்டொப்போடு அங்கே இருப்பார்கள், கணினி பழைய கடையிலேயே இருக்கும்.

பிரச்சினை இங்குதான் ஆரம்பமாகின்றது. மின்னஞ்சல் முகவரி ஒன்றுதான். ஆனால் கடைக் கணினிக்கு வந்த கடிதம் லெப்டொப்பில் இல்லை. லெப்டொப்பிலிருந்து அனுப்பிய பதில் கடைக் கணினியில் இல்லை. ஒரே கடைக்கு இரண்டு கணக்குப் புத்தகம் எழுதுவது போன்ற நிலை இது.

"வட்ஸ்அப் இருக்கும்போது மின்னஞ்சல் எதற்கு?" என்று சிலர் கேட்கின்றார்கள். விலை கேட்பதற்கும் சாமானின் படம் அனுப்புவதற்கும் வட்ஸ்அப் போதும். ஆனால் வங்கி எல்.சி. ஆவணத்தை மின்னஞ்சலில்தான் கேட்கின்றது. கப்பல் முகவரின் அறிவித்தல், சீனாவிலுள்ள உற்பத்தியாளரின் இன்வொய்ஸ், அரச நிறுவனத்தின் விலைமனு அழைப்பு எல்லாம் மின்னஞ்சலில்தான் வருகின்றன. நாளை ஒரு பிணக்கு வந்தால் எல்லோரும் தேடுவதும் அதைத்தான்.

பொய் சொல்லாத இருவரின் பிணக்கு

சில காலத்துக்கு முன்னர் ஒரு விவகாரத்தில் மத்தியஸ்தம் பேசும்படி என்னை அழைத்தார்கள். யாழ்ப்பாணத்து வியாபாரி ஒருவர், கொழும்பு மொத்த வியாபாரி ஒருவர். இருவரும் நம்மவர்கள், பல வருடப் பழக்கம். கொழும்புக்காரர் கூரைத் தகட்டுக்கு ஒரு விலை எழுதி, 14 நாட்களுக்குள் உறுதி செய்தால் அந்த விலைக்கே தருவதாக மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பத்தாவது நாள் ரயிலில் வரும்போது நம்மவர் லெப்டொப்பிலிருந்து "சரி, அனுப்புங்கள்" என்று பதில் போட்டிருக்கின்றார். மூன்று வாரம் கழித்து லொறி வந்தது. இன்வொய்ஸில் இருந்ததோ புதிய விலை.

நம்மவர் கடைக் கணினியைத் திறந்தார். விலை எழுதிய கடிதம் இருந்தது, அவர் அனுப்பிய பதில் இல்லை. லெப்டொப்போ வன்தட்டு பழுதாகித் திருத்துபவரிடம் கிடந்தது. கொழும்புக்காரரின் அலுவலகக் கணினியிலும் அந்தப் பதில் இல்லை. பிறகு விசாரித்தபோதுதான், அவருடைய முகாமையாளரின் வீட்டுக் கணினி அதை இறக்கி எடுத்துக்கொண்டது தெரிய வந்தது. முகாமையாளரோ அப்போது வெளிநாட்டில் இருந்தார்.

இருவரும் அல்லாஹ்வின் மீது ஆணையிடத் தயாராக இருந்தார்கள். இருவர் சொன்னதும் உண்மை. கடிதம் எழுதப்பட்டது, போய்ச் சேர்ந்தது. பார்க்க வேண்டியவரின் மேசையில் மட்டும் அது இருக்கவில்லை. விலை வித்தியாசத்தை இருவரும் பாதி பாதியாக ஏற்பதென்று முடித்து வைத்தோம். பணம் சரியாகிவிட்டது. ஆனால் இருவருக்கும் இடையில் இருந்த பழைய நெருக்கம் இன்னும் திரும்பவில்லை. ஆகவே இதை வெறும் கணினிக்காரர்களின் விடயம் என்று ஒதுக்க முடியாது.

ஏன் இப்படி நடக்கின்றது?

மின்னஞ்சல் நேராக நம் கணினிக்கு வருவதில்லை. முதலில் சேவை வழங்குநரின் சேர்வரில் உள்ள நமது பெட்டிக்கு வருகின்றது. அங்கிருந்து அதை நாம் பார்ப்பதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது 'பொப்' எனப்படும் முறை. தபாலகத்தை வைத்தே இதற்குப் பெயரிட்டார்கள். தபாலகத்துக்குப் போய் நம் பெட்டியிலிருக்கும் கடிதங்களை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவது போன்ற வேலைதான் இது. 1984இல் முதன்முதலாக வகுக்கப்பட்ட இந்த முறையின் மூன்றாவது பதிப்பு 1988இல் வந்தது. அதுவே இன்று வரை புழக்கத்தில் உள்ளது. அந்தக் காலத்துக்கு இது நியாயமான ஏற்பாடு. ஒருவருக்கு ஒரு கணினி, அதுவும் தொலைபேசிக் கம்பி வழியாக இணைப்பு, நிமிடக் கணக்கில் கட்டணம். இணைத்ததும் கடிதங்களை இறக்கிக்கொண்டு உடனே துண்டிப்பதே இலாபம். இலங்கையில் 1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு மின்னஞ்சல் சேவை ஆரம்பித்தபோதும், 1995இல் வணிக ரீதியான இணைய சேவை வந்தபோதும் நிலைமை அப்படித்தான் இருந்தது.

பொப் முறையின் வழமையான வேலை, கடிதத்தைக் கணினிக்கு இறக்கிவிட்டுச் சேர்வரிலிருந்து அழிப்பது. கடைக் கணினி முந்திக்கொண்டால் லெப்டொப்புக்கு எதுவும் மிஞ்சாது. "சேர்வரில் ஒரு பிரதியை விட்டு வை" என்று அமைத்தால் இரண்டுக்கும் கடிதம் வரும் என்பது உண்மைதான். ஆனாலும் கடையில் வாசித்த கடிதம் லெப்டொப்பில் வாசிக்காத கடிதமாகவே நிற்கும். பையன் பதில் போட்டுவிட்டானா என்பது பயணத்தில் இருக்கும் உங்களுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, நீங்கள் அனுப்பிய கடிதத்தின் பிரதி அனுப்பிய கணினியிலேயே தங்கிவிடும். மேலே சொன்ன பிணக்கின் மூலகாரணம் இதுவே.

இரண்டாவது 'ஐமெப்' முறை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பவர் 1986இல் இதை உருவாக்கினார். இதில் கடிதத்தின் இருப்பிடம் சேர்வர்தான். கணினியும் லெப்டொப்பும் கையடக்கத் தொலைபேசியும் அந்த ஒரே அறையைப் பார்க்கும் ஜன்னல்கள். ஒரு ஜன்னல் வழியாகக் கடிதத்தைத் திறந்தால் மற்ற ஜன்னல்களிலும் அது திறந்த கடிதமாகத் தெரியும். பதில் அனுப்பிய அடையாளம், கோப்புகளாகப் பிரித்து வைத்த ஒழுங்கு, அனுப்பிய கடிதங்களின் பிரதி எல்லாம் எல்லா ஜன்னல்களிலும் ஒன்றாகவே தெரியும்.

அப்படியென்றால் நம்மில் பலர் ஏன் இன்னும் பொப் முறையில் இருக்கின்றோம்? ஜீமெயில் 2004இல் பொப் வசதியைக் கொடுத்தது. ஐமெப் வசதியைக் கொடுத்தது 2007 ஒக்டோபரில்தான். அதற்கு முன்னர் யாரோ ஒரு தம்பி வந்து அமைத்துக் கொடுத்த கணக்கு, கணினி மாறியபோதும் அதே அமைப்பில் தொடர்ந்து வந்திருக்கின்றது. வேலை செய்யும் ஒன்றில் யாரும் கை வைப்பதில்லை.

மின்சாரம் போன நாட்கள்

நம் நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு நடைமுறையில் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. இப்படியான நேரங்களில் கடைக் கணினி வெறும் பெட்டிதான். கடிதங்கள் அதற்குள் மட்டும் இருந்தால், மின்சாரம் வரும் வரை வியாபாரமும் அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். ஐமெப் முறையில், பற்றரியில் ஓடும் லெப்டொப்பும் ஒரு தொலைபேசி இணைப்பும் இருந்தால் முழுக் கடிதப் பெட்டியும் கையில் இருக்கும். முன்னரே இறங்கிய கடிதங்களை இணைப்பு இல்லாமலும் வாசிக்கலாம்.

குறுக்கு வழிகள் வேண்டாம்

சிலர் அவுட்லுக்கின் கோப்பைப் பென் டிரைவில் ஏற்றி, மாலையில் லெப்டொப்புக்கும் காலையில் கடைக் கணினிக்கும் மாற்றி மாற்றிப் போடுகின்றார்கள். இரண்டு பக்கமும் புதுக் கடிதம் வந்திருந்தால், ஒன்றை மற்றதன் மேல் போடும்போது ஒரு பக்கத்துக் கடிதங்கள் அழிந்துபோகும். வேறு சிலர் அந்தக் கோப்பை இணையச் சேமிப்புக் கோப்புறையில் வைத்து இரண்டு கணினிகளிலும் திறக்கின்றார்கள். அவுட்லுக் திறந்திருக்கும் நேரத்தில் அந்தக் கோப்பு மாறிக்கொண்டே இருக்கும். அரைகுறையாகப் பிரதியானால் கோப்பே பழுதாகிவிடலாம். இன்னும் சிலர் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் தமக்கே ஒரு பிரதி போடுகின்றார்கள். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் மறந்துபோகும் ஒரு நாளில்தான் முக்கியமான கடிதம் போகும்.

மாற்றுவது எப்படி?

தெரிந்த ஒருவரை வைத்து ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் செய்து முடிக்கக்கூடிய வேலைதான். ஆனால் ஒழுங்கு முறை முக்கியம்.

முதலாவது, எதையும் தொடுமுன் இரண்டு கணினிகளிலும் உள்ள பழைய கடிதங்களைத் தனி வன்தட்டில் பிரதி எடுங்கள். பொப் முறையில் அவுட்லுக் தன் கடிதங்களை வைத்திருப்பது பி.எஸ்.டி. என்று முடியும் கோப்பில்.

இரண்டாவது, சேர்வரில் இடம் எவ்வளவு என்று பாருங்கள். ஜீமெயிலில் இலவச இடம் 15 கிகாபைட். அதுவும் மின்னஞ்சல், டிரைவ், புகைப்படங்கள் மூன்றுக்கும் சேர்த்துத்தான். பேரப்பிள்ளைகளின் வீடியோக்கள் நிறைந்தால் வாடிக்கையாளரின் கடிதம் உள்ளே வராது. சொந்த டொமைன் பெயரில் முகவரி வைத்திருப்பவர்கள் தம் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் அளவைக் கேட்டு, போதாவிட்டால் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, இருக்கும் பொப் கணக்கை ஐமெப்பாக மாற்ற அவுட்லுக்கில் வழியில்லை. அதே முகவரியை ஐமெப் கணக்காகப் புதிதாகச் சேர்க்க வேண்டும். பின்னர் பழைய கடிதங்களைப் புதிய கணக்கின் கோப்புகளுக்குள் இழுத்துப் போட்டால் அவை சேர்வருக்கு ஏறும். நிறைய இருந்தால் ஒரு இரவு முழுக்க எடுக்கும். எல்லாம் ஏறியதை உறுதி செய்த பின்னரே பழைய பொப் கணக்கை நீக்க வேண்டும். ஒரு கணினியில் மட்டும் மாற்றி மற்றதை விட்டுவிட்டால், விடப்பட்ட கணினி சேர்வரிலிருந்து கடிதங்களை அள்ளிக்கொண்டே இருக்கும்.

நான்காவது, அனுப்பிய கடிதங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று பாருங்கள். சில மென்பொருட்கள் ஐமெப் முறையிலும் அவற்றை அந்தக் கணினியிலேயே வைத்துவிடும். அந்த அமைப்பைச் சேர்வரில் உள்ள கோப்புக்கு மாற்ற வேண்டும். ஜீமெயில் தானாகவே ஒரு பிரதியை வைத்துக்கொள்வதால் அதற்கு இந்தச் சிரமம் இல்லை.

ஐந்தாவது, மிகப் பழைய அவுட்லுக் ஜீமெயிலோடு இணைய மறுக்கலாம். பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொடுத்து வேறு மென்பொருள் வழியாக உள்ளே போவதை கூகிள் 2022 மே மாத இறுதியில் தனிநபர் கணக்குகளுக்கு நிறுத்திவிட்டது. தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருள் இதற்கு ஏற்ற மாற்று. டேட்டா செலவுக்குப் பயப்படுபவர்கள் அண்மைய சில மாதக் கடிதங்களை மட்டும் லெப்டொப்பில் இறக்குமாறு அதில் அமைக்கலாம்.

இரண்டு விடயங்களை நினைவில் வையுங்கள். ஐமெப் கடிதங்களை மட்டுமே ஒன்றாக்கும். வாடிக்கையாளர்களின் முகவரிப் பட்டியலும் நாட்காட்டியும் அதில் சேராது, அவற்றைத் தனியாக அமைக்க வேண்டும். மற்றது, இணைப்பு இல்லாத இடத்தில் "அனுப்பு" என்று அழுத்தினால் கடிதம் 'அவுட்பொக்ஸில்' காத்திருக்கும். லெப்டொப்பை மூடுமுன் அந்தப் பெட்டி வெறுமையாக இருக்கின்றதா என்று பாருங்கள்.

ஒன்றாக இருப்பது வேறு, பத்திரமாக இருப்பது வேறு

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். இரண்டு கணினிகளிலும் ஒரே கடிதம் தெரிகின்றது என்பதால் அது இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கின்றது என்று பலர் நினைக்கின்றார்கள். அது தவறு. கடைப் பையன் தெரியாமல் ஒரு கோப்பை அழித்தால், கொழும்பில் இருக்கும் உங்கள் லெப்டொப்பிலிருந்தும் அது சில நிமிடங்களில் மறைந்துவிடும். நல்லதும் கெட்டதும் ஒன்றாகவே பரவும். ஜீமெயிலின் குப்பைக் கூடையில் 30 நாட்கள் வரை தேடலாம், அதற்குப் பின் கிடைக்காது. இரண்டு வருடம் திறக்கப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியையும் கூகிள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தி வருகின்றது.

சேர்வரே அடிபட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கின்றது. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் கிளவுட் கட்டமைப்பின் மீது, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் சைபர் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, கவ் டொட் எல்கே என்று முடியும் ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் இழக்கப்பட்டன. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட அந்தக் காலப்பகுதிக்குத் தனிப் பிரதி இருக்கவில்லை என்பதே காரணம். பயன்படுத்தப்பட்ட மென்பொருளும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, தயாரித்த நிறுவனத்தின் ஆதரவு முடிந்துபோன ஒன்று. ஒரு அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால் ஒரு ஹாட்வெயார் கடையின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

வடக்கு முஸ்லிம்களான நமக்கு இந்தப் பாடத்தை யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து நாம் வெளியேற்றப்பட்டபோது, சாமான்களோடு சேர்த்துக் கடன் கொப்பிகளும் கடைகளிலேயே விடுபட்டன. யார் தர வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு முழுவதும் ஒரே இலாச்சியில் இருந்தது. புத்தளத்துக்கு வந்த பிறகு என் வாப்பா ஞாபகத்திலிருந்து ஒரு பட்டியல் எழுதினார். தான் கொடுக்க வேண்டியவர்களில் இருவருடைய தொகை மட்டும் அவருக்கு நினைவுக்கு வரவேயில்லை. வர வேண்டிய பணத்தை விட அந்த இரண்டு தொகைகளும்தான் மவுத்தாகும் வரை அவரை வருத்தின.

எனவே மாதத்தின் முதலாம் திகதி ஒரு வெளி வன்தட்டில் எல்லாக் கடிதங்களையும் பிரதி எடுங்கள். ஜீமெயில் பாவிப்பவர்கள் கூகிள் டேக்அவுட் வசதி மூலம் முழுப் பெட்டியையும் இறக்கலாம். ஐமெப் கணக்குக்காக அவுட்லுக் வைத்திருக்கும் ஓ.எஸ்.டி. கோப்பைப் பிரதி என்று நம்பி இருக்க வேண்டாம். கணக்கு போனால் அதைத் திறப்பது கடினம். பி.எஸ்.டி. கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். எடுத்த வன்தட்டைக் கணினியிலிருந்து கழற்றி வீட்டில் வையுங்கள். செருகியபடியே இருந்தால் கப்பம் கேட்கும் வைரஸ் அதையும் பூட்டிவிடும், கடையில் தீப்பிடித்தால் அதுவும் சேர்ந்து எரியும். வருடத்தில் ஒரு தடவையாவது அதைத் திறந்து, கடிதங்கள் உண்மையில் வாசிக்கக்கூடியதாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சாவி யாரிடம்?

எல்லாம் ஒரே பெட்டியில் இருப்பதால் அதன் சாவி முக்கியமாகின்றது. இரண்டு கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயம் போடுங்கள். வேலையாள் விலகினால் அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். முகவரி கடையின் பெயரிலோ உரிமையாளரின் பெயரிலோ இருக்க வேண்டும். கணக்கை ஆரம்பித்துக் கொடுத்த பையனின் தொலைபேசி இலக்கத்தில் அது தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. களவாக உள்ளே நுழைபவர்கள், வரும் கடிதங்களை வேறு முகவரிக்கும் அனுப்பும்படி சேர்வரிலேயே ஒரு விதியைப் போட்டுவிட்டுப் போவார்கள். அது உங்கள் இரண்டு கணினிகளிலும் தெரியாமல் போகலாம். எனவே இடையிடையே இணையத்தளம் வழியாகப் போய் அந்த அமைப்பைப் பாருங்கள். பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று கடிதம் வந்தால், தெரிந்த இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசாமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

மின்னஞ்சலும் எழுத்துத்தான்

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, ஒரு ஒப்பந்தமோ ஆவணமோ மின்வடிவில் இருக்கின்றது என்ற காரணத்துக்காக மட்டும் அதன் சட்ட மதிப்பை மறுக்க முடியாது. ஆகவே ரயிலில் இருந்துகொண்டு "சரி, அனுப்புங்கள்" என்று எழுதிய ஒரு வரியும் உங்களைக் கட்டுப்படுத்தும், எதிரில் இருப்பவரையும் கட்டுப்படுத்தும். யார், யாருக்கு, எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு என்ற விபரங்கள் அசல் கடிதத்தில் முழுமையாக இருக்கும். அச்சடித்த தாளை மட்டும் கோவையில் போட்டுவிட்டு அசலை அழித்துவிடாதீர்கள்.

சட்டம் சொல்வதற்கு முன்னரே மார்க்கம் இதைச் சொல்லிவிட்டது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் ஸூரா அல்பகராவின் 282ஆவது வசனம். அது பேசுவது தவணைக் கடனைப் பற்றி, அதை எழுதி வைப்பதைப் பற்றி, எழுதுபவரையும் சாட்சிகளையும் பற்றி. தொகை சிறிதாக இருந்தாலும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்ற கருத்தும் அதில் வருகின்றது. எழுதியதைத் தேவையான நேரத்தில் எடுத்துக் காட்ட முடியாவிட்டால் எழுதியதன் பயன் பாதியாகிவிடுகின்றது.

இன்று இரவே ஒரு சிறு பரீட்சை செய்து பாருங்கள். லெப்டொப்பிலிருந்து உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். நாளைக் காலை கடைக் கணினியைத் திறந்து, அனுப்பிய கடிதங்களுக்குள் அது இருக்கின்றதா என்று பாருங்கள். இருந்தால் அல்ஹம்துலில்லாஹ், ஒரு வன்தட்டு வாங்குவது மட்டுமே பாக்கி. இல்லாவிட்டால் வரும் வெள்ளிக்கிழமை பிற்பகலை இந்த வேலைக்கு ஒதுக்குங்கள்.